மலையில் ஒரு தடுப்புச்சுவருக்கு எத்தனை கையெழுத்து?

கோத்தகிரிவாசி எழுதியது:

மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். உள்ளாட்சி அலுவலகங்களின் சிவப்பு நாடா முறையைப் பற்றி இங்கே பலமுறை பொதுவாகப் பேசியிருக்கிறோம். இம்முறை நான் ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரி வட்டத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், பாட்டனார் காலத்தில் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய தடுப்புச்சுவர் சரிந்து, மேலேயிருந்த தேயிலைச் செடிகளும் மண்ணும் சமையலறைச் சுவர் வரை வந்து நின்றன. அதே இடத்தில், அதே நீளத்தில், அதே உயரத்தில் மீண்டும் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். மேட்டை ஓர் அடிகூட வெட்ட நான் கேட்கவில்லை.

பட்டா, சிட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை ஆகியவற்றைக் கொடுத்தேன். நில அளவர் வருவதற்கு நான்கு மாதங்கள் ஆயின. அதன்பின் வேளாண் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம், வனம் என்று ஒவ்வொரு துறையிடமும் தடையின்மைச் சான்று பெற வேண்டியிருந்தது. இவற்றில் ஓர் அலுவலகத்தில் என் கோப்பு ஐந்து முறை திருப்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குறையைத்தான் எழுதினார்கள். அதைச் சரிசெய்து கொடுத்தால், முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டிய வேறொரு குறையை அடுத்த முறை எழுதினார்கள். மொத்தம் பதினான்கு மாதங்கள். அதற்குள் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழைகள் கடந்துவிட்டன. மழை வலுக்கும் இரவுகளில் என் தாயாரை உறவினர் வீட்டில் படுக்கவைத்துவிட்டு நான் மட்டும் விழித்திருந்தேன்.

அதே காலத்தில், எங்கள் ஊருக்குக் கீழேயுள்ள சரிவில் ஒருவர் இரவோடு இரவாகப் பொக்லைன் கொண்டுவந்து மலையை வெட்டித் தங்கும் விடுதிக்கு இடம் சமன்செய்தார். பிறகு ஒரு நோட்டீஸ் வந்தது, அபராதம் கட்டினார், கட்டடம் எழும்பிவிட்டது.

அனுமதி கேட்டு வரிசையில் நிற்பவனைத்தான் நம் நடைமுறை முழு நேரமும் கண்காணிக்கிறது. கேளாமல் செய்பவனைப் பார்க்க அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. மலைக்கு விதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த விதியைக் காக்க வேண்டியவர்களின் நாள் முழுவதும் என்னைப் போன்றவர்களின் காகிதத்திலேயே தீர்ந்துபோவதுதான் என் வருத்தம். உங்கள் அனுபவத்தையும், எதை எப்படி மாற்றலாம் என்பதையும் எழுதுங்கள்.

வர்க்கியும் சாக்லேட்டும் எழுதியது:

அண்ணா, என் கதை சிறியது என்றாலும் இதே கயிற்றில்தான் தொங்குகிறது. நான் குன்னூரில் வாடகை வீட்டில் சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். சிறு தயாரிப்பாளருக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவை ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் இணையத்திலேயே பெற்றுவிட்டேன். அந்தப் பதிவு இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

தொழில் உரிமத்துக்குப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது. வரி ரசீதைக் கொடுத்தேன். கட்டடத்துக்கு வரைபட அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். வீட்டு உரிமையாளர் பல ஆண்டுகளுக்கு முன் அனுமதியில்லாமல் பின்பக்கத்தில் ஓர் அறையை நீட்டியிருக்கிறார். நான் சாக்லேட் செய்வது அந்த அறையில் அல்ல. ஆனாலும் அந்த அறை முறைப்படுத்தப்படும் வரை எனக்கு உரிமம் கிடையாது என்றார்கள். உரிமையாளருக்கு அதை முறைப்படுத்துவதில் அக்கறையில்லை. வற்புறுத்தினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். இப்போது உரிமமில்லாமல் தொழில் செய்பவள் என்ற பெயர் என்மேல் இருக்கிறது. யாராவது ஆய்வுக்கு வந்தால், என் சமையலறையின் தூய்மையைப் பார்க்கும் முன் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள் என்ற அச்சத்திலேயே ஒவ்வொரு நாளும் கழிகிறது.

ஒரு துறையின் அனுமதியை இன்னொரு துறையின் அனுமதியோடு முடிச்சுப் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். கட்டடத் தவறுக்குக் கட்டடக்காரரைக் கேளுங்கள். உணவில் தவறு இருந்தால் என்னைக் கேளுங்கள்.

நாற்பது ஆண்டு மேசை எழுதியது:

நான் உள்ளாட்சிப் பணியில் எழுத்தராகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வுபெற்றவன். இருவர் எழுதியதையும் படித்தேன். மனம் கனக்கிறது, மறுக்க முடியவில்லை. ஆனால் மேசைக்கு மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால்தான் சரியான இடத்தில் கைவைக்க முடியும்.

கோப்பைத் திருப்பி அனுப்பிய எழுத்தர் மேல் நடவடிக்கை எடுத்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. கோப்பை அனுமதித்தவர்மேல் தணிக்கைத் தடை எழுதப்பட்டதையும், ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். எங்கோ ஒரு சரிவு இடிந்தால், 'யார் கையெழுத்திட்டது' என்றுதான் முதலில் தேடுவார்கள். இந்த அச்சத்தில் வளர்ந்த ஓர் இளநிலை உதவியாளர், தன்னிடம் வரும் கோப்பில் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருப்பிவிட்டால் அன்றைக்குத் தப்பினோம் என்று நினைப்பது இயல்பு. கையூட்டுக்காகத் தாமதிப்பவர்கள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தாமதத்தில் பெரும்பங்கு அச்சத்தால் வருவது என்பதே என் அனுபவம்.

இன்னொன்று, மலையில் ஒரு கோப்பு கடக்கும் வழி. 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 1993இல் மலைவாழிடங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. 2019இல் தமிழ்நாடு முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. ஒவ்வொன்றும் தேவையான காரணத்துக்காகவே வந்தது. ஆனால் புதிய ஒன்று வரும்போது பழைய படிநிலைகளில் எதை எடுத்துவிடலாம் என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒரே சர்வே எண்ணை மூன்று துறையினர் மூன்று தனித்தனி நாள்களில் வந்து பார்த்து, மூன்று அறிக்கைகள் எழுதுகிறார்கள். மூவரும் ஒரே ஜீப்பில் ஒரே நாளில் வந்தால் கோத்தகிரிவாசியின் பதினான்கு மாதத்தில் பாதி குறைந்திருக்கும்.

குறை எழுதுவதைப் பற்றி ஒரே ஓர் ஆணை போதும்: விண்ணப்பம் வந்த பதினைந்து நாள்களுக்குள் எல்லாக் குறைகளையும் ஒரே குறிப்பில் எழுத வேண்டும், அதில் எழுதாத குறையைக் காட்டிப் பின்னர் திருப்பக் கூடாது. இதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படாது. ஒரு சுற்றறிக்கையே போதும்.

உதகைச் சோலை எழுதியது:

கோத்தகிரிவாசியின் வேதனை உண்மையானது. ஆனால் இந்த இழை போகும் திசையைப் பார்த்து எனக்குக் கவலை வருகிறது. 'அனுமதி நடைமுறையை எளிதாக்குங்கள்' என்ற கோரிக்கையை நீலகிரியில் மிகவும் உரக்க எழுப்பியவர்கள் தடுப்புச்சுவர் இடிந்த ஏழைகளா? சீகூர் பீடபூமியை நினைத்துப் பாருங்கள். யானைகள் நடக்கும் வழியில் விடுதிகள் எழும்பின. உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் 11 விடுதிகளைப் பூட்டி முத்திரையிட உத்தரவிட்டது. யானை வழித்தட அறிவிக்கை செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அங்கே நடைமுறை இன்னும் எளிதாக இருந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் ஓர் இரவில் மண்ணாயின. அங்கே உறவுகளை இழந்தவர்கள் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் இருக்கிறார்கள். மலையில் ஒரு தடையின்மைச் சான்றைக் குறைப்பதற்கு முன், அந்தச் சான்று எந்த உயிரைக் காக்க வந்தது என்று கேட்க வேண்டும். நில அளவர் தாமதமாக வருவதைக் கண்டியுங்கள், நானும் உடன் நிற்கிறேன். புவியியல் துறையின் பார்வையே வேண்டாம் என்றால் நிற்க மாட்டேன்.

கட்டடப் பொறியாளர் குன்னூர் எழுதியது:

சோலை அம்மா சொல்வதும் மேலாளர் ஐயா சொல்வதும் எதிரெதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்த ஒரு முயற்சி வெளிநாட்டில் நடந்திருக்கிறது, அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிரிட்டனில் 2005இல் பிலிப் ஹாம்ப்டன் என்பவர் தொழில்களின் மீதான அரசுச் சோதனைகளைப் பற்றி அரசுக்காக ஓர் ஆய்வு செய்தார். மத்திய ஒழுங்குமுறை அமைப்புகளும் நூற்றுக்கணக்கான உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னவற்றில் நமக்கு வேண்டியவை மூன்று. காரணமில்லாமல் எந்தச் சோதனையும் கூடாது; எங்கே ஆபத்து அதிகமோ அங்கே ஆய்வாளர் போக வேண்டும். ஒரே தகவலை இருமுறை கேட்கக் கூடாது. மூன்றாவது, திரும்பத் திரும்ப விதி மீறுபவர்களை விரைவாக அடையாளம் கண்டு, அவர்கள் அடைந்த ஆதாயத்துக்கு ஏற்ற தண்டனை தர வேண்டும். சிவப்பு நாடாவைக் குறைக்க அமைத்த ஆய்வே தண்டனை போதவில்லை என்றும் சொன்னதைக் கவனியுங்கள். கோத்தகிரிவாசியின் ஊரில் இரவில் மலையை வெட்டியவருக்கு அபராதம் ஒரு கட்டணம் போலத்தான் இருந்திருக்கும். கட்டடச் செலவில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டிருப்பார்.

அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2008இல் ஒரு சட்டம் வந்தது. பல ஊர்களில் கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனம், ஏதேனும் ஓர் உள்ளாட்சி மன்றத்தைத் தன் முதன்மை ஆலோசகராக ஏற்றுக்கொள்ளலாம். அம்மன்றம் கொடுத்த அறிவுரையை மற்ற மன்றங்களும் மதித்தே நடக்க வேண்டும். குன்னூரில் சரி என்றதை உதகையில் தவறு என்று சொல்லும் நிலை அப்போது வராது.

நம் மாநிலத்திலும் அசைவு இருக்கிறது. 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயச்சான்று அளித்து இணையத்தில் உடனடியாக அனுமதி பெறும் முறை தொடங்கப்பட்டது. சமதரையை மனத்தில் வைத்த அந்த அளவுகோலை 30 பாகைச் சரிவில் அப்படியே வைக்க நான் கேட்க மாட்டேன். என் தொழிலே அதற்கு இடம் தராது. ஆனால் அதன் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். புதிதாக மண் வெட்டாத, பழைய அடித்தளத்தைத் தாண்டாத பழுதுபார்ப்பு வேலைகளைப் பதிவுபெற்ற பொறியாளரின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். கூரை மாற்றுவது, இடிந்த சுவரை அதே அளவில் கட்டுவது, மழைநீர் வடிகால் சீரமைப்பது எல்லாம் இதில் அடங்கும். தவறு செய்தால் என் பதிவை ரத்து செய்யுங்கள். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி அளித்ததாகவே கருதலாம் என்றும் விதி வேண்டும்.

நாற்பது ஆண்டு மேசை எழுதியது:

கடைசி வரியைத் தவிர மற்றவை அனைத்தையும் ஏற்கிறேன், தம்பி. பதில் வராவிட்டால் அனுமதி என்ற விதியைக் கொண்டுவந்தால், பதில் வராமல் பார்த்துக்கொள்வதற்கே ஒரு விலை உருவாகிவிடும். வேண்டியவரின் கோப்பு மேசையடியில் தூங்கும். நாள் முடிந்ததும் அனுமதி தானே பிறக்கும். யாருடைய கையெழுத்தும் அதில் இருக்காது. பிறகு யாரைக் கேட்பீர்கள்? கொடைக்கானலில் 1990களில் ஒரு விடுதியின் கூடுதல் மாடிகளுக்கு அரசாணையிலேயே விதிவிலக்கு அளித்தபோது, அதில் பெயர்களும் கையெழுத்துகளும் இருந்ததால்தான் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்யவும், பின்னர் அது குற்ற வழக்காக விசாரிக்கப்படவும் வழி இருந்தது.

கூடலூர் ஆசிரியை எழுதியது:

நீங்கள் அனைவரும் பட்டா இருப்பவர்களின் சிக்கலைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கு விண்ணப்பத்தின் முதல் கட்டத்தையே நிரப்ப முடியாது.

நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, அரசு ஏற்பதற்கான சட்டம் 1969இல் இயற்றப்பட்டு 1974இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவில் அடங்கிய நிலங்களின் நிலை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் முழுமையாகத் தீரவில்லை. அந்த நிலங்களில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்கள் வீட்டுக்கு மின்இணைப்பு கேட்டால், நில உரிமைக்கான சான்று கேட்கிறார்கள். சான்று கேட்டால், நிலத்தின் வகைப்பாடு நிலுவையில் இருக்கிறது என்கிறார்கள். என் வகுப்பில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத் தேர்வெழுதிய பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றமும் அரசும் முடிவு செய்யட்டும். ஒரு குழந்தை இரவில் படிப்பதற்கான வெளிச்சத்தை அந்த முடிவோடு ஏன் கட்டிவைக்க வேண்டும்? சாக்லேட் செய்யும் சகோதரி சொன்ன அதே முடிச்சுதான் இதுவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு மேற்கே கேரளத்தில் 2012 முதல் சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது. வடக்கே கர்நாடகத்தில் 2011இல் சகாலா சட்டம் வந்தது. இந்தச் சான்று இத்தனை நாளில் தரப்பட வேண்டும், தராவிட்டால் பொறுப்பான அலுவலர் அபராதம் கட்ட வேண்டும் என்று அச்சட்டங்கள் சொல்கின்றன. எல்லாம் அங்கே சொன்னபடியே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அலுவலகத்தில் போய் நிற்கும்போது, 'எனக்கு இத்தனை நாளில் கிடைக்க வேண்டும்' என்று கேட்பதற்கு அந்த மக்களின் கையில் ஒரு பிடி இருக்கிறது. கூடலூரிலிருந்து உதகைக்கு 50 கிலோமீட்டர் ஏறிப்போய், 'அதிகாரி முகாமில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்' என்று கேட்டுத் திரும்பும் தாய்மார்களின் கையில் ஒன்றுமில்லை.

மேல்மலை விவசாயி எழுதியது:

வணக்கம். நான் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளையும் போடுகிறவன். எங்களுக்கு மாவட்டத் தலைநகர் திண்டுக்கல். போய்வர ஒரு முழு நாள் ஆகும்.

வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறேன். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம். அது இல்லாதிருந்தால் எங்கள் மலை மொட்டையாகியிருக்கும். ஆனால் வேர் பெயர்ந்து, காற்றடித்தால் கூரைமேல் விழப்போகும் தைல மரத்துக்கும், சோலையில் நிற்கும் நாவல் மரத்துக்கும் ஒரே படிவம், ஒரே வரிசை. என் பக்கத்து வீட்டுக்காரர் விண்ணப்பித்துக் காத்திருந்தார். அனுமதி வருவதற்கு முன் ஆடிக் காற்றில் மரமே விழுந்து மாட்டுக்கொட்டகையை நசுக்கியது. விழுந்த மரத்தை அகற்றவும் அனுமதி வாங்கச் சொன்னார்கள்.

சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7 அன்று தொடங்கியது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்றும், நீலகிரிக்கு 6,000, 8,000 என்றும் வரம்பு வைத்தார்கள். வரம்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. நான் பார்த்தது என்னவென்றால், வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அனுமதிகளைக் கைப்பேசியிலேயே கொடுக்கவும், எத்தனை கொடுத்தோம் என்று கணக்கு வைக்கவும் இதே அரசால் முடிகிறது. இங்கேயே பிறந்தவனின் மரத்துக்கு ஒரு வரிசை எண்ணாவது அதேபோல் தரலாமே. என் விண்ணப்பம் இன்று யார் மேசையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

உதகைச் சோலை எழுதியது:

மேல்மலை ஐயா, தைலத்துக்கும் சோலை மரத்துக்கும் வேறு வரிசை வேண்டும் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். தைலமும், சீகை என்னும் வாட்டில் மரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அவற்றைக் காக்கும் நேரத்தில் சோலைக்குள் நடக்கும் வெட்டைக் கவனிக்கத் தவறுகிறோம். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். மரத்தின் படம், நிற்கும் இடம், வெட்டிய நாள் எல்லாம் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். விரைவாகத் தரப்படும் ஒவ்வோர் அனுமதியும் வெளிச்சத்தில் தரப்பட வேண்டும்.

பொறியாளர் சொன்ன பழுதுபார்ப்பு வரம்பையும் இதே நிபந்தனையோடு ஏற்கலாம். ஆனால் மாவட்ட நிர்வாகம் நிலச்சரிவு அபாயம் உள்ளவை என்று பட்டியலிட்ட இடங்களில் அது கூடாது. அங்கே புவியியலாளர் வந்தே ஆக வேண்டும்.

கட்டடப் பொறியாளர் குன்னூர் எழுதியது:

ஏற்கிறேன். மேலாளர் ஐயாவின் மறுப்பையும் இரவெல்லாம் யோசித்தேன். அவர் சொல்வதுதான் சரி. என் கடைசி வரியை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: குறித்த நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால், அனுமதி தானாகப் பிறக்க வேண்டாம், கோப்பு தானாக அடுத்த மேலதிகாரிக்குப் போகட்டும். தாமதித்தவரின் பதவியும் தாமதித்த நாள்களின் எண்ணிக்கையும் கோப்பின் முகப்பிலேயே பதியட்டும். திருப்பி அனுப்புவது பாதுகாப்பான வழி என்ற எண்ணம் அப்போதுதான் மாறும்.

கோத்தகிரிவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான் ஒரு சுவரோடு வந்தேன். ஒரு மரமும், ஓர் அறையும், ஒரு விளக்கும் சேர்ந்துகொண்டன. சோலை அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புவியியல் துறையிலிருந்து வந்த அலுவலர் என் இடத்தைப் பார்த்தது அரை மணி நேரம். சுவருக்குப் பின்னால் தண்ணீர் வெளியேற வழி விடவில்லை என்றும், அதனால்தான் அது சரிந்தது என்றும் காட்டி, கசிவுக் குழாய் வைக்க வேண்டிய இடங்களைச் சுண்ணாம்பால் குறித்துவிட்டுப் போனார். பதினான்கு மாதத்தில் எனக்குப் பயன்பட்டது அந்த அரை மணி நேரம் ஒன்றுதான். அது முதல் மாதத்திலேயே கிடைத்திருக்க வேண்டும். அவர் வருகையை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் எழுதியவற்றை ஒரு மனுவாகத் தொகுத்திருக்கிறேன். எல்லாக் குறைகளையும் ஒரே குறிப்பில் எழுதுவது, துறைகள் ஒரே நாளில் இடம் பார்ப்பது, மண் வெட்டாத பழுதுபார்ப்புக்குத் தனி வரிசை, ஆபத்தான அயல் மரங்களுக்குத் தனி வரிசை, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய எண், இரவில் மலையை வெட்டுவோருக்கு ஆதாயத்தை மிஞ்சும் அபராதம் ஆகியவை அதில் இருக்கின்றன. மின்இணைப்புக் கோரிக்கையை ஆசிரியை அம்மா தம் சொற்களிலேயே எழுதித் தந்தால் தனித்தாளாக இணைக்கிறேன். அதை நான் எழுதினால் அந்த வலி வராது.

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் உதகையில் மனுவைக் கொடுக்கப் போகிறேன். அதோடு, கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் வட்டத்தில் தடுப்புச்சுவருக்காக வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆனது, எத்தனை முறை திருப்பப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டிருக்கிறேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அதை அப்படியே இங்கே பதிவிடுகிறேன். காலை ஏழு மணிப் பேருந்தில் புறப்படுகிறேன். உடன் வரக்கூடியவர்கள் கோத்தகிரிப் பேருந்து நிலையத்துக்கு வாருங்கள்.